ஏ-4 வீதியின் மூஞ்சூறுகள்: பெரியகல்லாற்றிலிருந்து சிங்கராஜ வனம் வரை

இலங்கையில் பத்து வகை மூஞ்சூறுகள் வாழ்வதாக இப்போது கணக்கிடப்படுகிறது. அவற்றில் ஆறு இந்தத் தீவுக்கு வெளியே உலகில் எங்கும் இல்லாதவை. ஆனால் இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கண்டிருப்பது ஒன்றைத்தான்: பொழுது சாய்ந்தபின் குசினிச் சுவரோரமாக ஓடும் வீட்டு மூஞ்சூற்றை. மற்றவை மலைக்காட்டின் சருகுக்கும் பாசிக்கும் புல்லடிக்கும் கீழே வாழ்ந்து, பெயர்கூட அறியப்படாமல் மடிகின்றன. ஆபிரிக்க மழைக்காடுகளின் சிறு மூஞ்சூறுகளுக்கு நெருங்கிய உறவினர் இவை.

இவற்றின் நிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண ஏ-4 வீதி நல்ல வழி. கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் அந்த வீதியின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். தீவின் தெற்குப் பாதியைச் சுற்றி வளைந்து செல்வதால், கிழக்கிலிருந்து புறப்படுபவர் கடற்கரை மணல், நெல்வயல், உலர்காடு, மலையடிவாரம், ஈரக்காடு என எல்லா நிலங்களையும் கடந்தே இரத்தினபுரியை அடைகிறார். நிலம் மாறும் இடங்களில் மூஞ்சூறும் மாறுகிறது.

பெரியகல்லாறு இந்த வீதியில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே 30 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் உள்ளது. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே மட்டக்களப்பு வாவி; இடையில் ஒடுங்கிய மணல் நிலம். வாவியின் இக்கரை எழுவான்கரை, அக்கரை படுவான்கரை. வாவி கடலோடு கலக்கும் வாய்கள் இரண்டு: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. மாரி பெருத்து வயல்கள் மூழ்கும் காலத்தில் பெரியகல்லாற்று முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டு வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்புவது வழக்கம். 1978 நவம்பரில் சூறாவளியும் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் இந்தக் கரையைத் தாக்கின. தென்னை வளவுகள், கிடுகு வேலிகள், கிணற்றடி, மீன் காயும் முற்றம் என மனிதர் அமைத்த இந்தச் சூழலில் மிக இயல்பாகப் பொருந்தி வாழும் காட்டுயிர்களில் வீட்டு மூஞ்சூறும் ஒன்று.

இதன் விலங்கியல் பெயர் சன்கஸ் மியூரினஸ். 1766இல் லின்னேயஸ் பெயரிட்டார். வளர்ந்த ஆண் 100 கிராம் வரை நிறைகொள்ளும். பெண் அதைவிடச் சிறியது. சாம்பல் நிறக் குறுமயிர், நீண்டு கூர்ந்து ஓயாமல் அசையும் மூக்கு, குன்றிமணியிலும் சிறிய கண், அடிபருத்து நுனியில் மெலியும் வால். பார்வை மிக மங்கல். மீசை மயிரின் தொடுகையும் மோப்பமும் செவியும்தான் அதற்கு வழிகாட்டிகள். ஆகவேதான் திறந்த வெளியைக் கடக்காமல் சுவரை உரசியபடியே ஓடுகிறது. விலாவின் இருபுறமும் உள்ள சுரப்பிகளிலிருந்து வரும் காரமான கஸ்தூரி நாற்றமே அதன் பாதுகாப்பு. பூனை அடித்துக் கொன்றாலும் பெரும்பாலும் தின்னாமல் விட்டுவிடும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், மூடிய மதுப்போத்தலின் மேல் மூஞ்சூறு ஓடினாலே உள்ளிருக்கும் மதுவும் நாறிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி 1867இல் நூல் எழுதிய ஜெர்டன் அதை ஏற்கவில்லை. நிரப்புவதற்கு முன் போத்தலிலோ தக்கையிலோ நாற்றம் ஏறியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததல்ல. எலி, அணில், அகிழான் ஆகியவை கொறிணிகள்; அவற்றின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அவை கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். மூஞ்சூறு முள்ளெலியின் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் பற்கள் அப்படி வளர்வதில்லை. கூரிய சிறு பற்கள் ஒன்றோடொன்று பொருந்திப் பூச்சியின் ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்தவை. கரப்பான் பூச்சி, சில்லூறு, பூரான், மண்புழு, நத்தை ஆகியவையே அதன் முதன்மை உணவு; கிடைத்தால் மீன் கழிவும் சோற்றுப் பருக்கையும் தின்னும். நெல் மூட்டையை ஓட்டையாக்குவது, கதவின் அடியை அரிப்பது, மின்கம்பியைக் கடித்து அறுப்பது ஆகிய குற்றங்கள் எலிக்கு உரியவை. தண்டனையை மட்டும் மூஞ்சூறும் சேர்ந்து அனுபவிக்கிறது. எலிப்பாசாணத்தைத் தின்றோ, அதைத் தின்ற பூச்சியைத் தின்றோ அது சாகிறது. வளவில் பூச்சியைக் கட்டுப்படுத்திய ஓர் உயிரை வீட்டுக்காரரே கொன்றுவிடுகிறார்.

சினைக்காலம் ஏறத்தாழ ஒரு மாதம். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள். பிறக்கையில் மயிரும் பார்வையும் இல்லை. சில நாள் சென்றதும் இந்தக் குடும்பத்தின் மிக அழகிய பழக்கம் தொடங்குகிறது. கூட்டுக்கு ஆபத்து வந்தால் ஒரு குட்டி தாயின் வாலடி மயிரைக் கவ்வும். அடுத்தது அதன் பின்புறத்தைக் கவ்வும். இப்படி எல்லாம் ஒரே வரிசையாகித் தாய் ஓடும் திசையெல்லாம் ஓடும். தாயைத் தூக்கினால் வரிசை முழுவதும் கூடவே தொங்கும். அத்தனை உறுதியான பிடி. தாய் காகிதத் துண்டு, வைக்கோல், இலை என அகப்பட்டதையெல்லாம் வளைக்குள் இழுத்துச் சென்று கூடமைப்பதும் கண்கூடு. தான் போகவே வழியில்லாத மூஞ்சூறு விளக்குமாற்றையும் தூக்கிக்கொண்டு போனது என்ற பழமொழியை உருவாக்கியவர்கள் இந்த விலங்கை நன்றாகப் பார்த்தவர்களாகவே இருக்க வேண்டும். பெரியகல்லாற்றுக்குச் சற்று வடக்கே, இதே வீதியோரக் களுதாவளையில் சுயம்புலிங்கப் பிள்ளையார் ஆலயம் உள்ளது. பிள்ளையாரின் வாகனமாகத் தமிழர் கொண்டாடுவதும் மூஞ்சூற்றைத்தான்.

இந்த ஒரு வகை மட்டும் உலகைச் சுற்றியது. தெற்காசியாவிலிருந்து கப்பல்களில் ஏறி அரபுக் கரைகள், கிழக்கு ஆபிரிக்கக் கரை, மடகஸ்கார், மொரீஷியஸ், பசிபிக்கின் குவாம் தீவு வரை பரவியது. மருத்துவ ஆய்வுக்கூடத்திலும் அதற்கு இடம் உண்டு. எலிக்கும் சுண்டெலிக்கும் வாந்தி எடுக்க இயலாது; மூஞ்சூற்றுக்கு இயலும். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் காட்டியபின், வாந்தியையும் பயண ஒவ்வாமையையும் அடக்கும் மருந்துகளை ஆராய இது மாதிரி விலங்காயிற்று. 1964இல் தமிழ்நாட்டு வேலூரின் தோட்டப்பாளையத்தில் பிடிபட்ட ஒரு மூஞ்சூற்றிலிருந்து பிரிக்கப்பட்ட வைரஸுக்கு அந்த ஊரின் பெயரே சூட்டப்பட்டது. பின்னாளில் ஹன்டா வைரஸ் எனப் பெயர்பெற்ற கூட்டத்தில் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டது அதுவே. மனிதருக்கு அது நோய் உண்டாக்கியதாக நிறுவப்படவில்லை. ஆயினும் எலிக்காய்ச்சல் கிருமியை மூஞ்சூறும் சுமக்கக் கூடும் என்பதால், வெறுங்கையால் அதைத் தொடாதிருப்பதும், அது நடமாடிய இடத்தில் உணவைத் திறந்து வைக்காதிருப்பதும் அறிவுடைமை.

பெரியகல்லாற்றிலிருந்து தெற்கே செல்லும் பஸ் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய ஊர்களைக் கடந்து பொத்துவிலில் கடலைப் பிரிந்து மேற்கே திரும்புகிறது. லகுகலவில் யானைகள் வீதியோரக் குளத்தில் இறங்குகின்றன. தீவின் மிகப் பெரிய பாலூட்டியைப் பயணிகள் வாகனத்தை நிறுத்திப் பார்க்கிறார்கள். மிகச் சிறிய பாலூட்டிக்காக எவரும் நிறுத்துவதில்லை. அதுவும் ஒரு மூஞ்சூறுதான்: சன்கஸ் எட்ரஸ்கஸ். நிறை இரண்டு கிராம் அளவே. நிறையைக் கொண்டு பார்த்தால் உலகின் மிகச் சிறிய பாலூட்டி. 1822இல் இத்தாலியில் சாவி என்பவர் முதலில் பெயரிட்டார். தென் ஐரோப்பாவிலிருந்து இலங்கை வரை இது வாழ்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தை நடத்திய பி. ஈ. பி. தெரணியகல, இலங்கையில் கிடைத்ததை 1958இல் தனிப் பேரினமாகவே பிரித்தார். பின்வந்தவர்கள் அதை மீண்டும் எட்ரஸ்கஸில் சேர்த்தனர்.

உடல் இவ்வளவு சிறுத்ததற்கு இந்த விலங்கு கொடுக்கும் விலை பெரியது. உடல் சிறுக்கச் சிறுக்க, நிறையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு கூடுகிறது. சூடு விரைவாக வெளியேறுகிறது. இழந்த சூட்டை ஈடுசெய்ய இடைவிடாமல் உண்ண வேண்டும். எட்ரஸ்கஸ் ஒரு நாளில் தன் நிறையைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இரை தின்கிறது. அதன் இதயம் நிமிடத்துக்கு 1,500 தடவை வரை துடிக்கும். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. இரை கிடைக்காத குளிர்நேரத்தில் உடற்சூட்டைத் தணித்து மயங்கிக் கிடந்து சமாளிக்கிறது. தன்னளவே உள்ள சில்லூற்றை இருட்டில் மீசைத் தொடுகையால் மட்டும் அறிந்து பிடிக்கும் அதன் வேகம் நரம்பியல் ஆய்வாளர்களையே வியக்கவைத்தது.

சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய கடந்து பெரகலைக்கு ஏறும்போது காற்று மாறுகிறது. உலர்வலயத்தின் பாலையும் வீரையும் பின்தங்க, தேயிலையும் மூடுபனியும் தொடங்குகின்றன. இங்கே ஏ-4 ஐ விட்டுக் கிளைவழியாக ஹப்புத்தளை, ஒஹிய, ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா என ஏறினால்தான் கதையின் செழிப்பான பகுதி வரும். ஒஹிய ரயில் நிலையமே 1,770 மீற்றருக்கு மேலே. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றர் அளவில். மரங்கள் குட்டையாகிக் கிளைகளில் பாசி தொங்குகிறது. நிலத்தில் ஈரச் சருகு தடிப்பாகக் கிடக்கிறது. அந்தச் சருகுப் படைதான் மூஞ்சூறுகளின் நாடு.

இந்த மலையின் மூஞ்சூறுகளை உலகுக்கு முதலில் அறிவித்தவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். 1819இல் இலங்கையிலேயே பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலப் படையில் மருத்துவரானவர். 1850இல் அவர் விவரித்தவற்றில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று மலை மூஞ்சூறு, சன்கஸ் மொன்டானஸ். வீட்டு மூஞ்சூற்றின் கறுத்த மலையுறவு. நீலகிரி போன்ற தென்னிந்திய மலைகளில் உள்ளதும் இதுவே என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. சுயாமா மேகஸ்கும்புரவும் கிறிஸ்டோபர் ஷ்னைடரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இரண்டையும் பிரித்து, மொன்டானஸ் இலங்கைக்கே உரியது என்று காட்டியது. மற்றொன்று கெலார்ட்டின் நீள்நக மூஞ்சூறு, ஃபெரோகுலஸ். கருஞ்சாம்பல் உடல், முன்காலில் மண் கிளற உதவும் நீண்ட நகங்கள், சேற்று நிலத்தை விரும்பும் இயல்பு. ஒன்றரை நூற்றாண்டு அளவும் இலங்கைக்கே உரியதென்று கருதப்பட்ட இது, 1990களில் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கண்டறியப்பட்டது.

நீள்நகம் கொண்ட இன்னொன்று இதைவிடவும் விந்தையானது. 1924இல் லண்டனில் ஓல்ட்ஃபீல்ட் தோமஸ் அதற்குச் சொலிசோரெக்ஸ் பியர்சோனி என்று பெயரிட்டார். அப்போது கொழும்பு அருங்காட்சியகத்தின் இயக்குநராயிருந்த ஜோசப் பியர்சனை அந்தப் பெயர் குறிக்கிறது. உடல் 13 சென்ரிமீற்றர் அளவு. இதன் பேரினத்தில் வேறு இனமே இல்லை. அந்தப் பேரினம் இலங்கை மலைகளுக்கு வெளியே எங்கும் இல்லை. ஒரு முழுப் பேரினமே ஒரு சிறு மலைத்தொகுதியில் அடங்கிக் கிடக்கிறது. இத்தனை பெருமை உடைய உயிரைப் பற்றி இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பட்டியலை நிரப்பியவர் டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ். தேயிலைத் தோட்டத் துரையாயிருந்தபடியே தீவின் பாலூட்டிகளைச் சேகரித்து, 1935இல் இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். 1928இல் காட்டு மூஞ்சூறான சன்கஸ் செலானிகஸ், 1929இல் நீள்வால் மூஞ்சூறான குரோசிடுரா மியா, 1932இல் குறுமூஞ்சூறான சன்கஸ் ஃபெலோஸ்கோர்டோனி என மூன்று புதிய இனங்கள் அவர் கையால் பெயர்பெற்றன. தோமஸ் ஹோர்ஸ்ஃபீல்டின் பெயரைத் தாங்கும் குரோசிடுரா ஹோர்ஸ்ஃபீல்டியை 1856இலேயே டோம்ஸ் விவரித்திருந்தார். சன்கஸ், குரோசிடுரா என்ற இரு பேரினங்களையும் வெளித்தோற்றத்தில் பிரிப்பது கடினம். மண்டையோட்டில் மேற்றாடையின் ஒற்றைமுனைப் பற்களை எண்ணுவார்கள்: சன்கஸில் பக்கத்துக்கு நான்கு, குரோசிடுராவில் மூன்று.

பெரகலையிலிருந்து ஏ-4 மேற்கே இறங்கி, பலாங்கொடை வழியாக இரத்தினபுரிக்குச் செல்கிறது. அங்கிருந்து தெற்கே கிளைவழியில் சிங்கராஜ வனம். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த தாழ்நில மழைக்காடு அது. பத்தாவது இனம் இங்கிருந்துதான் வந்தது. 2007இல் சுயாமா மேகஸ்கும்புர, மாதவ மேகஸ்கும்புர, ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆரச்சி, ஷ்னைடர் ஆகியோர் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, குரோசிடுரா ஹிக்மியாவை அறிவித்தனர். பிலிப்ஸின் மியாவுக்கு இது மிக நெருங்கிய உறவு. மியா மலையுச்சிக் காடுகளிலும் ஹிக்மியா கீழுள்ள மழைக்காட்டிலும் வாழ்கின்றன. பிலிப்ஸின் கடைசி இனத்துக்கும் இதற்கும் இடையே 75 ஆண்டுகள். இவ்வளவு சிறிய தீவில், இத்தனை பேர் நடமாடிய ஒரு காட்டில், ஒரு பாலூட்டி 2007 வரை பெயரின்றி இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. எலிக்கென்று தேங்காய்த் துண்டு வைத்த பொறிக்கு மூஞ்சூறு வராது. வந்தாலும் ஐந்து பத்து கிராம் நிறைக்குப் பொறியின் மிதி இறங்காது. இறங்கினாலும் காலையில் ஆள் வருவதற்குள் பசியால் இறந்துவிடும். ஆகவே வாளியை நிலமட்டத்துக்குப் புதைத்து, அதை நோக்கி ஒரு தாழ்வேலி கட்டி, வேலியோரம் ஓடிவருவது தானே விழும்படி செய்கிறார்கள். இரவில் பலமுறை சென்று பார்க்க வேண்டும். ஆபிரிக்க மழைக்காடுகளிலும் இந்தக் குழிப்பொறி பரவிய பிறகுதான் புதிய இனங்கள் வரிசையாக வெளிவந்தன. மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஜஸ்டினா ரேயும் ரெய்னர் ஹட்டரரும் 1990களில் இன்னும் எளிய வழியைக் கையாண்டனர். ஊனுண்ணி விலங்குகளின் எச்சத்தில் கிடந்த எலும்பையும் பல்லையும் ஆராய்ந்தே ஒரே காட்டுப் பகுதியில் 16 மூஞ்சூறு இனங்களை அடையாளம் கண்டனர். அவற்றில் சில்விசோரெக்ஸ் கொங்கனென்சிஸ் அறிவியலுக்குப் புதியது.

சில்விசோரெக்ஸ் ஆபிரிக்க ஈரக்காடுகளின் சிறு மூஞ்சூறுப் பேரினம். சன்கஸுக்கு உள்ளதுபோலவே மேற்றாடையில் நான்கு ஒற்றைமுனைப் பற்கள்; ஒரு காலத்தில் சன்கஸின் உட்பிரிவாகவே சிலர் அதைக் கருதினர். நீண்ட வாலால் சமநிலை காத்துக் கொடிகளிலும் புதர்களிலும் ஏறும் ஆபிரிக்க ஏறுமூஞ்சூற்றை, மரபணுச் சான்றுக்குப் பின் பலர் சன்கஸ் பேரினத்துக்கே மாற்றிவிட்டனர். கல்லாற்று வளவில் ஓடுவதும் கொங்கோ காட்டில் கொடியேறுவதும் ஒரே பேரினம் என்றாகிறது. அந்தக் காடுகளின் பேரதிசயம் ஸ்கூட்டிசோரெக்ஸ். மற்றப் பாலூட்டிகளுக்கு ஐந்து அளவில் இருக்கும் இடுப்பு முள்ளெலும்புகள், 1910இல் விவரிக்கப்பட்ட ஸ்கூட்டிசோரெக்ஸ் சொமெரெனியில் அதைப்போல் இரு மடங்கு. அவை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். 70 கிலோவுக்கு மேற்பட்ட ஆள் அதன் முதுகில் ஒற்றைக் காலில் நின்று இறங்கியபின்னும் அது எழுந்து ஓடியதைக் கொங்கோவின் மங்பேத்து மக்கள் வெளிநாட்டு ஆய்வாளருக்குச் செய்து காட்டினர். 2013இல் கொங்கோவிலேயே அதன் தம்பி இனம் ஸ்கூட்டிசோரெக்ஸ் தோரி வெளிவந்தது. பனைமட்டையின் அடியை முதுகால் நெம்பி உள்ளே கிடக்கும் வண்டுப் புழுவைத் தின்னவே இந்த முதுகு என்பது அதைக் கண்டவர்களின் ஊகம்.

ஆபிரிக்கக் காட்டுக்கு இருக்கும் பரப்பு இலங்கையின் மலைக்காட்டுக்கு இல்லை. தீவுக்கே உரிய ஆறு இனங்களும் ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் சிறு சிறு துண்டுகளாய் எஞ்சிய காடுகளை நம்பியே இருக்கின்றன. பெரும்பாலானவை உலக அபாயப் பட்டியலில் உள்ளன. தேயிலையும் ஏலமும் மரக்கறித் தோட்டமும் காட்டைப் பிளந்தன. பூச்சிகொல்லி இரையைக் கொல்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போவது பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. நிழல் போனால் சருகின் ஈரம் போகும், ஈரம் போனால் மண்புழு போகும், மண்புழு போனால் நீள்நக மூஞ்சூற்றுக்கு வாழ்வில்லை. சிங்கராஜவையும் மலையுச்சிக் காடுகளையும் ஒன்றோடொன்று தொடுக்கும் சிறு காட்டுத் துண்டுகளைக் காப்பதே இவற்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

இந்த வீதியின் கிழக்குப் பாதி, அதாவது வாவிக்கரைக் கண்டல்களும் லகுகல வரையுள்ள உலர்காடுகளும், குழிப்பொறிகளுக்காகக் காத்திருக்கின்றன. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் மாணவர்கள் ஒரு மாரியும் ஒரு கோடையும் சில வாளிகளைப் புதைத்து இரவில் காவலிருந்தால் போதும். செலவு குறைந்த, பயன் மிகுந்த ஆய்வு அது. அதை அவர்கள் தொடங்க வேண்டும்.